தலையசைவைக் காட்டிய கோடு

அந்த மென்பொருள் வந்த நாளிலிருந்தே ஸ்கேன் டெக்னீஷியனான அவளுக்கு அதன்மேல் சந்தேகம். மூளை ஸ்கேன் ஓடும்போதே நோயாளியின் தலை எவ்வளவு அசைகிறது என்று திரையோரத்தில் கோடு போட்டுக் காட்டும். அசையாவிட்டால் பச்சை, அசைந்தால் சிவப்பு. சிவப்பு கூடினால் படம் கலங்கிப்போகும், மறுபடி எடுக்க வேண்டும்.

ஸ்கேன் எடுப்பதில் பழம் தின்று கொட்டை போட்டவள் அவள். ஆனாலும் அவள் ஷிஃப்டில்தான் சிவப்பு கொட்டியது. இன்னொரு டெக்னீஷியனுக்கு எப்போதும் பச்சை. பத்துக் கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் சொல்கிற ரகம் அவன். அவள் வைத்த பெயர் ஊமைக்கோட்டான்.

"உங்க ஷிஃப்ட்ல மட்டும் ஏன் மேடம் இப்படி?" என்றார் மேலாளர்.

"அந்த சாஃப்ட்வேர யாரு எப்படி செட் பண்ணி வச்சாங்களோ, அவங்களக் கேளுங்க சார்."

ஊமைக்கோட்டான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். அவன்தான் அதில் ஏதோ செய்து வைத்திருக்கிறான், அதனால்தான் இத்தனை நிதானம் என்று அவளுக்குப் பட்டது.

இன்று ஸ்கேன் குழாய்க்குள் படுத்திருந்தது அவளுடைய தங்கை. தலைக்குள் கட்டி. ஆபரேஷன் செய்யலாமா வேண்டாமா என்று டாக்டர் இன்றைய படத்தை வைத்துத்தான் முடிவெடுப்பார். "நீ மைக்ல பேசிட்டே இரு அக்கா, எனக்குப் பயம் தெரியாது," என்றிருந்தாள் தங்கை. அவளும் யாரையும் அம்போவென்று விடுகிற ஆளில்லை. எந்த நோயாளியோடும் ஸ்கேன் ஓட ஓடப் பேசுவாள்.

முதல் படம் சிவப்பு. இரண்டாவதும் சிவப்பு. என் தங்கச்சிகிட்டயும் உன் வேலையக் காட்டுறியா என்று திரையைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். கட்டி படத்தில் தெளிவாகத் தெரிவதற்கான மருந்து ஊசி போட்டாயிற்று. கடைசிப் படம் ஒன்றுதான் பாக்கி. அது கெட்டால் மருந்தை இன்னொரு முறை போட்டு இன்று மறுபடி எடுக்க முடியாது. ஸ்கேன் ஓடத் தொடங்கியது.

"ஆடாம இருக்கணும், சரியாடி?"

குழாய்க்குள்ளிருந்த கேமராவில் தங்கையின் தாடை மெல்ல இறங்கி ஏறியது. கோடு சிவந்தது.

அவளுக்குச் சுருக்கென்றது. ஆடாதீங்க என்று அவள் சொல்லச் சொல்ல, அத்தனை பேரும் மரியாதையாகச் சரி என்று தலையை ஆட்டியிருக்கிறார்கள். ஊமைக்கோட்டான் வாயைத் திறப்பதில்லை, அவ்வளவுதான். பாவம், அவனைப் போய் என்னவெல்லாம் நினைத்தோம் என்று வெட்கமாக இருந்தது.

இப்போது விளக்கம் சொன்னாலும் அதற்கும் தலையாட்டுவாள். இனியாவது அசையாவிட்டால் படம் தேறிவிடும். மைக்கிலிருந்து கையை எடுத்தாள்.

"அக்கா?"

ஸ்பீக்கரில் குரல் மெலிதாக வந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அக்கா, இருக்கியா?"

மைக்கிடம் போன கையை இழுத்துக்கொண்டாள். கேமராவில் தங்கையின் கண்ணோரம் நீர் வழிவது தெரிந்தது. அதன் பிறகு குரல் வரவில்லை. கோடு கடைசிவரை பச்சையாகவே ஓடியது.

படுக்கை வெளியே வந்தது. அவள் ஓடிப்போய்க் கையை நீட்டினாள்.

"ஏன் பேச்ச நிறுத்திட்ட?"

"நான் பேசினா நீ தலையாட்டுறடி. படம் கெட்டுப்போகுது. அதான்."

தங்கை அவள் முகத்தையே கண்களால் துழாவினாள். "படத்துல எதையோ பார்த்துட்ட. அதான் பேச்சு வரல உனக்கு."

"சத்தியமா இல்லடி. படம் பார்த்துச் சொல்றது டாக்டர் வேலை. எனக்கு என்ன தெரியும்?"

"சரி, நீ சொல்ல வேண்டாம். நான் டாக்டர்கிட்டயே கேட்டுக்கறேன்."

நீட்டிய கையைத் தொடாமல், படுக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தங்கை தானாக இறங்கினாள்.