ஆல்டன் டல்லக்கின் சின்னப் பானை

மே பென் ஊர் டாக்ஸி ஸ்டாண்டுக்குப் பின்னால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டால் ஆம்பளைக் கூட்டம் சேர்ந்துவிடும். எல்லாம் ஆல்டன் டல்லக்கின் காளைச் சூப்புக்காக. காளையின் குறியைத் துண்டு துண்டாக நறுக்கி, வாழைக்காயும் மாவுருண்டையும் குண்டு மிளகாயும் போட்டுக் கொதிக்கவிட்டு, இறக்கும் நேரத்தில் வெள்ளை ரம்மைத் தாராளமாகவே ஊற்றுவார். ஆண்மைக்கு அதைவிட உரம் இல்லை என்று கிளாரண்டன் வட்டாரம் முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியவரும் ஆல்டன்தான்.

"ரெண்டு கிண்ணமா? வீட்ல கேட்டுட்டு வந்தியா? நாளைக்கு அவ என்னை அடிக்க வருவா!" என்பார். கூட்டம் சிரிக்கும். பக்கத்தில் கிண்ணம் கழுவிக்கொண்டிருக்கும் அவர் மனைவி வெரோனா மட்டும் சிரிக்க மாட்டாள். முப்பது வருஷமாகக் கேட்ட நகைச்சுவை.

அப்படிப்பட்ட மனிதருக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னார். சொன்னதோடு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வயிற்றில் ஓர் ஊசி என்றும் சொன்னார். உடம்பில் ஆண்மைச் சுரப்பை அந்த ஊசி நிறுத்திவிடும். நோய்க்குத் தீனி அந்தச் சுரப்புதான். தீனி நின்றால் நோய் அடங்கும். வெரோனா பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஆல்டன் ஜன்னல் பக்கம் திரும்பி யோசித்துக்கொண்டே வந்தார். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயத்தை முந்திக்கொண்டு ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துவிட்டது.

"வெரோனா, ஊசி குழாயை மூடுது. என் சூப் குழாயைத் திறக்குதுன்னு ஊரே சொல்லுது. அப்ப நான் சூப்பை ருசி பார்க்கலாமா, கூடாதா?"

"உனக்கு இப்ப இதுதான் கவலையா?"

"கவலை இல்லடி. தெரிஞ்சுக்கணும்."

முதல் ஊசி போட்டுச் சில வாரம் கழித்து, அகப்பையில் சூப்பை எடுத்து ஊதி வாயில் வைத்தார். நெஞ்சிலிருந்து ஒரு அனல் கிளம்பிக் கழுத்து, காது, மண்டை என்று ஏறியது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. அடுப்புச் சூடு அவருக்குப் பழக்கம். இது வெளியிலிருந்து வந்த சூடு இல்லை. வெரோனா ஒரு பார்வை பார்த்தாள். ஈரத் துண்டைப் பிழிந்து அவர் பிடரியில் போட்டாள்.

"வா ராசா, வா. எங்க கட்சியில சேர்ந்துட்ட. தீட்டு நின்னப்புறம் அஞ்சு வருஷம் நான் ராத்திரி அனல் தாங்காம எந்திரிச்சு உட்கார்ந்தப்போ, 'ஃபேன் ஓடுதே, இன்னும் என்ன'ன்னு கேட்டல்ல?"

"இதுவா அது?"

"இதேதான்."

"இது இவ்வளவு மோசம்னு நீ சொல்லவே இல்லையே!"

"சொன்னேன். நீ தூங்கிட்ட."

இன்னொன்றும் அவருக்கு விளங்கவில்லை. சாப்பாடு முன்னைப்போலத்தான். ஆனால் தொப்பை முன்னே தள்ளிக்கொண்டு போனது. கையும் தொடையும் மெலிந்தன. தனியாகத் தூக்கி இறக்கிய பானைக்கு வெரோனா ஒரு பக்கம் பிடிக்க வேண்டியிருந்தது. கொழுப்பு ஏறுகிற உடம்பில் பலம் எப்படி இறங்கும்? இந்தக் கணக்கு அவருக்கு உதைத்தது. அதைக் கேட்கத்தான் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் மிஸ் கெரிஷாவைப் போய்ப் பார்த்தார். சின்ன வயதுப் பெண். மேசையில் பிளாஸ்டிக் வாழைப்பழம் வைத்திருந்தாள்.

"ஊசி செய்யற வேலைதான் மிஸ்டர் டல்லக். தசை கரையும், கொழுப்பு சேரும், எலும்பும் லேசாகும். சர்க்கரை, ரத்தக் கொழுப்பு ஏறவும் வாய்ப்பிருக்கு. பயறு, மீன், கீரை, முட்டை நல்லாச் சாப்பிடுங்க. உப்பு, இனிப்பு, குடியைக் குறைங்க. நடங்க. ஏதாவது கனம் தூக்குங்க, டாக்டரைக் கேட்டுட்டு. ஆமா, நீங்க என்ன தொழில்?"

சொன்னார். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அந்தச் சூப்பா? எங்க அப்பா குடிப்பாரே!"

"அதைத்தான் கேக்க வந்தேன் மிஸ். அது ஊசிக்கு எதிரா வேலை செய்யுமா? ஊசி மூடற குழாயைத் திறந்துவிடுமா?"

மிஸ் கெரிஷா சிரிக்கப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். "உண்மையைச் சொல்லவா? எனக்குத் தெரியல. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. படிச்சுப் பார்த்துச் சொல்றேன்."

அடுத்த தடவை போனபோது, அவர் உட்காருவதற்குள்ளேயே ஆரம்பித்தாள். "நீங்க நெனைக்கிற சரக்கு அந்த இறைச்சியில பெரிசா இல்ல. இருக்கிற கொஞ்ச நஞ்சத்தையும் கல்லீரல் உடைச்சுப் போட்டுரும். குழாய் திறக்காது, மூடாது. ஆனா உப்பும் ரம்மும் நிஜம். அப்புறம், ஆண்மைக்குன்னு கடைக்காரங்க பாட்டில்ல விக்கிற வேர்க்கஷாயம், அதுல என்னென்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. அதைத் தொடாதீங்க."

"அப்ப என் சூப் எதுக்கும் உதவாதா?"

"பசிக்கு உதவும்."

முப்பது வருஷத் தொழில், ஒரு வார்த்தையில் முடிந்துபோனது. வீட்டுக்கு வந்து காலிப் பானையைக் கவிழ்த்து வைத்து, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். வெரோனா அவர் மனசு உடைந்துபோய்விட்டது என்று நினைத்து இஞ்சித் தேநீர் போட்டுக்கொண்டு வந்தாள்.

"அப்ப அவனுங்க குடிச்சதும் நெஞ்சை நிமித்திட்டுப் போறானுங்களே, அது என்ன?" என்றார் ஆல்டன்.

"மிளகாயும் ரம்மும். அதோட நீ பேசற பேச்சு."

அவருக்கு அது பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு சோதனை ஆரம்பமானது. அனலைக் கிளப்புவது மிளகாயா, ரம்மா, அடுப்பா? ஒரு வெள்ளிக்கிழமை ரம் ஊற்றுவதற்கு முன்னாலேயே ருசி பார்த்தார். இன்னொரு வெள்ளி மிளகாய் நசுங்காத ஓரத்திலிருந்து எடுத்தார். கடைசியில் பிடிபட்டது: மிளகாய் பாவம், ஒன்றும் செய்யவில்லை. ரம் கொஞ்சம் கிளப்பியது. பெரிய எதிரி கொதிக்கக் கொதிக்க வாயில் வைக்கும் அவசரம். கிண்ணத்தில் ஆறவிட்டுக் குடித்தால் பாதி நாள் அனல் எட்டிப் பார்ப்பதில்லை. எல்லாருக்கும் இப்படியா என்று மிஸ் கெரிஷாவிடம் கேட்டார். ஆளுக்கு ஆள் மாறும் என்றாள்.

தனக்கென்று ஒரு சின்னப் பானையை ஓரத்து அடுப்பில் ஏற்றினார். பச்சைத் துவரை, தண்டுக்கீரை, பூசணி, சௌசௌ, முள்ளோடு மசித்த பொடி மீன். ரம் கிடையாது. உப்பு பேருக்கு. முதல் வாரம் வெரோனா ஒரு வாய் வைத்துப் பார்த்து, "பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு" என்றாள்.

சமையல்காரனை இதைவிட மோசமாக எவரும் திட்ட முடியாது. நோய் வந்தபோதுகூட அவ்வளவு ரோஷம் வரவில்லை. உப்பு செய்கிற வேலையை வேறு எதைக்கொண்டு செய்யலாம் என்று கிளறிக்கொண்டே கிடந்தார். பூசணியைத் தணலில் சுட்டுப் போட்டார். வெங்காயத்தாளையும் பூண்டையும் கருக வறுத்தார். கடைசியில் எலுமிச்சை பிழிந்து மூடினார். அன்றைக்கு வெரோனா இரண்டாம் முறை கிண்ணத்தை நீட்டினாள்.

வாசனை வரிசைக்கும் போனது. "அந்தச் சின்னப் பானையில என்ன அண்ணே?" என்று கேட்பார்கள். "வீட்டுச் சாப்பாடு" என்று மூடியைச் சாத்திவிடுவார்.

லாரி ஓட்டும் கிளாஸ்டன் வாராவாரம் வருபவர். தொண்டை பெரிது. எப்போதும் இரண்டு கிண்ணம். குடித்துவிட்டு, இன்றைக்கு வீட்டில் பூகம்பம்தான் என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லுவார். மழை தூறிய ஒரு வெள்ளிக்கிழமை, கூட்டம் கலைந்த பிறகு அவர் மட்டும் நின்றார்.

"ஆல்டன், அந்தச் சின்னப் பானையில ஒரு கிண்ணம் கிடைக்குமா?"

"அது உனக்கு எதுக்கு? அதுல பூகம்பம் வராதே."

கிளாஸ்டன் கையை நீட்டினார். கிண்ணம் இன்னும் கைக்கு வரவில்லை. அதற்குள் அவர் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. தூறலில் நிற்கும் மனிதர் சட்டைக் காலரை இழுத்து ஊதிக்கொண்டார். ஆல்டன் வெரோனாவைப் பார்த்தார். அவள் ஈரத் துண்டை எடுத்துக் கிளாஸ்டனிடம் கொடுத்தாள்.

"ஊசி வயித்துலயா?" என்றார் ஆல்டன் மெதுவாக.

கிளாஸ்டன் திடுக்கிட்டார். பிறகு தலையை ஆட்டினார். "போன ஆகஸ்ட்லேருந்து. உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கும் வயித்துலதான்."

கிளாஸ்டன் துண்டைப் பிடரியிலிருந்து இழுத்து எடுத்தார்.

"உனக்கா? காளைச் சூப்பு ஆல்டனுக்கா?" கிளாஸ்டனுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. "ஊசி பறிக்கிறதை உன் சூப்பு ஈடுகட்டும்னு நம்பித்தானய்யா நான் வாராவாரம் ரெண்டு கிண்ணம் குடிச்சேன்!"

"ஈடுகட்டாது. கேட்டுட்டு வந்துட்டேன். உப்புதான் ஏறும். உக்காரு, இதைக் குடி. ஆறட்டும், அவசரப்படாத."

கிளாஸ்டன் உட்கார்ந்து குடித்தார். முள் தட்டுப்படும்போதெல்லாம் "இது என்ன?" என்று கேட்டார். "எலும்புக்கு" என்றார் ஆல்டன். எத்தனை நாளைக்கு இந்த அனல் இருக்கும், இடுப்பு ஏன் பெருத்துக்கொண்டு போகிறது, கோபமும் அழுகையும் சேர்ந்து வருகிறதே அதுவும் ஊசியாலா என்று வரிசையாகக் கேட்டார். இத்தனை மாதமாக யாரிடமும் கேட்காத கேள்விகள். சிலவற்றுக்கு ஆல்டனுக்குப் பதில் தெரிந்தது; சிலவற்றுக்கு வெரோனாவுக்குத் தெரிந்தது. மீதியை மிஸ் கெரிஷாவிடம் கேட்க வேண்டும் என்று மூவரும் முடிவு செய்தார்கள்.

காளைச் சூப் நிற்கவில்லை. ரம் மட்டும் பாதியாகக் குறைந்தது; யாரும் கண்டுபிடிக்கவில்லை. உரம் உண்டா என்று எவனாவது நேராகக் கேட்டால், "பசிக்கு நல்லது" என்று ஆல்டன் உள்ளதைச் சொல்வார். அவர்கள் கண்ணடித்துவிட்டுப் போவார்கள். சனிக்கிழமை காலையில் அவரும் கிளாஸ்டனும் ஆற்றுப்பாலம் வரை நடந்து திரும்பினார்கள். அடுத்த ரத்தப் பரிசோதனையில் ஆல்டனுக்கு நோயைக் காட்டும் எண் கீழேயே கிடந்தது. தொப்பை கொஞ்சம்போல் இறங்கியிருந்தது. எலும்பு எப்படி இருக்கிறது என்று வருஷக் கடைசியில்தான் படம் எடுப்பார்களாம்.

ஈஸ்டருக்கு முந்திய வாரம் கிளாஸ்டனின் மனைவி பியூலா கையில் பையோடு வந்தாள். வீட்டுச் சாப்பாட்டைப் புருஷன் குறை சொல்கிறானாம். அப்படி என்ன பானை என்று பார்க்க வந்தாளாம். நின்றபடியே ஒரு வாய் குடித்தாள். சப்புக்கொட்டினாள்.

"வாசனைக்குப் போடுற தைம் இலை பத்தல" என்றாள்.

"பத்தும்" என்றார் ஆல்டன்.

"பத்தாது. வெண்டைக்காய் ஏன் போடல?"

ஆல்டன் அகப்பையால் பானையைக் கிளறினார். வெண்டைக்காயை அவர் நினைத்துக்கூடப் பார்த்திருக்கவில்லை. "போட்டா கொழகொழன்னு ஆயிராதா?"

"வதக்கிட்டுப் போடணும். தள்ளுங்க, அகப்பையைக் குடுங்க" என்று பையிலிருந்து வெண்டைக்காயை எடுத்தாள் பியூலா. ஆல்டன் தள்ளி நின்று, அவள் எப்படி வதக்குகிறாள் என்று எட்டிப் பார்த்தார்.