வலது பக்க லென்ஸ்

கண்ணாடியில் கீறல் போட்டது கிரேன்காரரேதான். காலையில் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, வலது பக்க லென்ஸில் உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்தார். மனசு வராமல் மெல்லத்தான் இழுத்தார். வெளியே வந்து, கை தவறி விழுந்துவிட்டது என்று மனைவியிடம் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார்.

பதினொரு மணிக்குத் தொழிற்சாலையில் கண் பரிசோதனை. அவருக்கு இடது கண் எப்போதுமே மந்தம். நம்பியிருந்த வலது கண்ணின் நடுவிலோ சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு வந்து சட்டமாக உட்கார்ந்துவிட்டது. கீழே நின்று கைஜாடை காட்டுகிற மச்சானின் கை தெரியாமல், டன் கணக்கான இரும்பைக் குத்துமதிப்பாக இறக்கிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள். இருபத்திரண்டு வருஷம் மேலேயே உட்கார்ந்த மனிதருக்குக் கீழே என்ன வேலை தெரியும்? கண்ணாடி கெட்டுவிட்டது என்றால் பரிசோதனை தள்ளிப்போகும், அதற்குள் திட்டு தானாகக் கரைந்துவிடும் என்று மனப்பால் குடித்தார்.

மனைவியை அவர் மறந்தே போனார். எதையும் லேசில் குப்பைக்கு அனுப்புகிற ஆளா அவள்? கண்ணாடிக் கடைக்கு போன் போட்டாள். மேல்பூச்சு இருந்தால் கை வைக்காதீர்கள், அது உரிந்துவிடும். பூச்சில்லாத பழைய பிளாஸ்டிக் என்றால் மெல்லிய கீறல் போகலாம் என்றார்கள். இது பூச்சில்லாத பழசுதான். சோப்புத் தண்ணீரில் கழுவினாள். ஸ்கூட்டர் விளக்குக்குப் போடும் பாலிஷை பழைய பனியன் துணியில் தொட்டு, வட்டம் வட்டமாகத் தேய்க்க உட்கார்ந்தாள்.

விட்டுவிடு, புதுசு வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் கெஞ்சாத குறை. அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் அவள் தூக்கிப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கோடு குறைந்திருந்தது. பெண்டாட்டியின் கைராசியை இப்படிச் சபித்த புருஷன் வேறு எவனும் இருக்க மாட்டான்.

பத்து மணிக்கெல்லாம் லென்ஸ் பளபளவென்று ஆகிவிட்டது. அவளே அதை அவருக்கு மாட்டிவிட்டு, இடது பக்கத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, "இப்ப என்னைப் பாருங்க" என்றாள்.

அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் திட்டுதான் இருந்தது. ஓரத்தில் தோடு தெரிந்தது, தோள் தெரிந்தது. நல்லாத் தெரிகிறது என்று சொல்லிவைத்தார்.

"என்னைப் பாருங்கன்னா தோளைப் பாக்கிறீங்க?"

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. "கண்ணாடியில ஒண்ணுமில்ல. எனக்குக் கண்ணு தெரியல" என்றார். உப்புத்தாளையும் ஒப்புக்கொண்டார்.

அவள் அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ, "எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டாள்.

"பதினேழு நாளா."

"அத்தனை நாளும் என் தம்பி கீழ நின்னானா?"

கண்ணாடியை மறைத்திருந்த கையை அவள் எடுத்தாள். தம்பிக்கு போன் போட்டு அவர் காதில் வைத்து, "நீங்களே சொல்லுங்க" என்றாள்.

"மாமா, டெஸ்டுக்குக் கெளம்பிட்டீங்களா?" என்றான் மச்சான். பின்னால் சங்கிலிச் சத்தம் கேட்டது. "முடிச்சுட்டு சீக்கிரம் வந்துடுங்க. இன்னைக்கு வேற ஆளை மேல ஏத்தியிருக்காங்க. நீங்க இல்லாம கீழ நிக்கவே பயமா இருக்கு."