ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்

எங்கள் சபையில் யாரும் 'முடியாது' என்று சொல்வதில்லை. 'ஜெபிச்சுட்டுச் சொல்றேன்' என்போம். ஞாயிறு பள்ளிக்கு ஆசிரியை வேண்டும் என்று பாஸ்டர் கேட்டாலும் அதுதான் பதில், கிறிஸ்துமஸ் விருந்து முடிந்து பாத்திரம் கழுவ ஆள் தேடினாலும் அதுதான் பதில். பிரிக்பீல்ட்ஸில் முப்பது வருடமாக ஒரே பெஞ்சில் உட்காருகிறேன். அப்படிச் சொன்ன ஒருவர் திரும்பி வந்து, 'ஜெபித்தேன், சரி' என்று சொல்லி நான் பார்த்ததில்லை. பாஸ்டரும் லேசுப்பட்டவர் இல்லை. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது. ஆண்டவரை இழுத்து நடுவில் விட்ட பிறகு யார் வாய் திறப்பார்கள்?

லோகேஸ்வரி எங்கள் சபைக்காரி இல்லை. தவறு அங்கேதான் நடந்தது. தவறு என்று எவ்வளவு நாசூக்காகச் சொல்கிறேன் பாருங்கள்.

செந்தூல் பிளாட்டில் எங்கள் மாடியில்தான் அவள் இருக்கிறாள், என் வீட்டிலிருந்து நாலு கதவு தள்ளி. வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போகிறவள். நாற்பத்து நாலு வயதிலேயே இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை ஏழு மணிக்கு பிரிக்பீல்ட்ஸில் டயாலிசிஸ். அவள் கணவர் பாலன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, பிறகு லோரி எடுக்கப் போவார். திடீரென்று அவருக்கு ரூட் மாறியது. விடியுமுன்னே போர்ட் கிள்ளானில் நிற்க வேண்டும். மத்தியானம் அவர் வந்து அழைத்துக்கொள்வார். காலையில் போகத்தான் ஆளில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஆராதனை முடிந்து வரும்போது லிப்டில் என்னைப் பிடித்தாள். தினமும் ஆறரைக்கு நான் காரில் பிரிக்பீல்ட்ஸ் போவது அவளுக்குத் தெரியும். அங்கே ஒரு வக்கீல் ஆபீஸில் கிளார்க்காக இருக்கிறேன். டயாலிசிஸ் நடக்கும் இடம் என் ஆபீஸுக்கு இரண்டு தெரு தள்ளித்தான். போகிற வழியில் இறக்கிவிட முடியுமா என்று கூசிக் கூசிக் கேட்டாள்.

முடியும். ஒரு நிமிடம் கூட அதிகமாகாது. ஆனால் அந்தக் காலை நேரம் என்னுடையது. கதவை மூடிவிட்டுப் பாட்டைப் போட்டால் ஊர் பேச்சு எதுவும் உள்ளே வராது. ஜாமுக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, மரத்தடியில் காரை நிறுத்தி, கடையில் தாப்பாவ் என்று பார்சல் வாங்கிய காப்பியோடு எட்டரை வரை வேதம் வாசிப்பேன். 'இது எனக்கும் ஆண்டவருக்குமான நேரம்' என்று மாதர் ஐக்கியத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அதில் ஒரு நோயாளியை ஏற்றினால் ஊசி, ரத்தம், டாக்டர் என்று பேச்சு ஓடும். ஒரு நாள் ஏற்றினால் பிறகு ஆயுசுக்கும் ஏற்ற வேண்டும். இவ்வளவும் லிப்ட் ஏழாவது மாடிக்கு ஏறுவதற்குள் எனக்குத் தோன்றிவிட்டது.

"ஜெபிச்சுட்டுச் சொல்றேன் லா," என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. "நல்லா கேளுங்க டொரத்தி அக்கா," என்று கையெடுத்துக் கும்பிட்டாள். என்ன இவள், மறுத்ததற்குக் கும்பிடு போடுகிறாளே என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குள் போனேன்.

அடுத்த பதினோரு நாளில் வேலைக்குப் போன நாளெல்லாம் அந்தக் கார் மரத்தடியில்தான் நின்றது. நானும் உள்ளே இருந்து ஜெபித்தேன். நாட்டுக்காக, பாஸ்டரின் முட்டிவலிக்காக, அந்த மாதம் மாதர் ஐக்கியத்தில் நான் எடுக்க வேண்டிய பாடத்துக்காக. லோகேஸ்வரி பெயரை மட்டும் எடுக்கவில்லை. மறதி என்று சொன்னால் பொய். இரண்டொரு முறை அந்தப் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும். அதனால் காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனேன்.

நடுவில் இரண்டு முறை அவளை மாடியில் பார்த்தேன். அவள் எதுவும் கேட்கவில்லை, சிரித்தாள். புரிந்துகொண்டாள், நல்ல பெண் என்று நானும் சிரித்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் பாடம். தலைப்பு கீழ்ப்படிதல். ஆண்டவர் ஒன்றைச் சொன்னால் சரி என்று எழுந்திருக்க வேண்டும், யோசித்துச் சொல்கிறேன் என்று உட்காரக் கூடாது என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். அதைச் சொல்லும்போது எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை, அதுதான் இன்று என்னைக் கொல்கிறது. இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். மிஞ்சிய கரிபாப் பலகாரத்தை ஒரு டப்பாவில் போட்டு என் கையிலேயே கொடுத்தார்கள்.

அந்த டப்பாவோடு பிளாட்டுக்கு வந்தேன். கீழே ரமணி நின்றிருந்தாள். அவளும் எங்கள் மாடிதான், அவள் கணவர் டாக்சி ஓட்டுகிறார். வியாழக்கிழமை காலை கொம்யூட்டர் ரயில் ஸ்டேஷன் படிக்கட்டில் லோகேஸ்வரிக்குத் தலை சுற்றி, உருண்டு விழுந்து, இடது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது என்றாள். பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாளாம். ஐந்து முறை தனியாக கொம்யூட்டரில் போயிருக்கிறாள், ஐந்தாவது முறை விழுந்துவிட்டாள்.

தெரிந்திருந்தால் நீங்களாவது உங்கள் டாக்சியில் அழைத்துப் போயிருக்கலாமே என்றேன். என் வாய்க்கு வேறு எதுவும் வரவில்லை.

ரமணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கூப்டோமே அக்கா. மொத நாளே எங்க வீட்டுக்காரரு வா வான்னாரு. அவதான் வரல. டொரத்தி அக்கா அவங்க சாமிகிட்ட உத்தரவு கேட்டிருக்காங்க, பதில் வர்றதுக்குள்ள வேற ஏற்பாடு பண்ணா அந்தச் சாமிக்கு மரியாதை இல்லன்னுட்டா."

அவர்கள் வீடுகளில் ஒரு காரியம் தொடங்குமுன் அம்மன் முன்னால் பூக்கட்டிப் பார்ப்பார்கள். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். பதில் கிடைக்கும்வரை ஓர் அடி எடுத்து வைக்க மாட்டார்கள். என்னோடு படித்த பெண்கள் சொல்லி எனக்கும் இது தெரியும். சாமி பெயரைச் சொல்லி ஒருத்தி பொய் பேசுவாள் என்று லோகேஸ்வரிக்குத் தோன்றவில்லை. பதினோரு நாளும் அவள் சிரித்தது என்னைப் பார்த்து இல்லை. என் ஆண்டவரை அவசரப்படுத்தக் கூடாது என்று பொறுமையாக இருந்திருக்கிறாள்.

கரிபாப் டப்பாவை ரமணியிடம் கொடுத்துவிட்டு மேலே போனேன். அன்று கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு பை ஆரஞ்சு வாங்கிப் போனேன். அவள் கால் கட்டோடு படுத்திருந்தாள், பாலன் பக்கத்தில் நின்றிருந்தார். பையைப் பார்த்ததும் லோகேஸ்வரி, டயாலிசிஸ் செய்கிறவர்கள் ஆரஞ்சு சாப்பிடக் கூடாது, ஆனாலும் இவருக்கு ரொம்பப் பிடிக்கும் என்று சொல்லி, என் மனம் நோகாமல் பையை வாங்கி வைக்கச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரிக்கு எது ஆகும் எது ஆகாது என்று கூட எனக்குத் தெரியவில்லை. பாலன் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். நான் உட்காரவில்லை.

பிறகு அவளே கேட்டாள். "உங்க சாமி வேணாம்னுட்டாராக்கா?"

நான் அவளைப் பார்த்தேன்.

"பரவால்லக்கா. நான் அம்மன கும்புடறவ. அவருக்குப் புடிக்காம இருக்கலாம். அவரு சொல்லலன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

தப்பிக்க அவளே வழி செய்து கொடுத்துவிட்டாள். தலையை ஆட்டினால் போதும், அல்லது இன்னும் ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று முணுமுணுத்தால் போதும். அவளும் நம்புவாள், பாலனும் நம்புவார். செந்தூல் பிளாட்டில் என் மரியாதை குறையாது. ஆண்டவர் பெயர்தான் கெடும். அவரா வந்து மறுத்துப் பேசப்போகிறார்? உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் எனக்கு அந்த ஆசை வந்தது. கழுத்து வரை வந்தது.

ஆனால் சொல்ல வேண்டியது என்ன என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதற்கு ஜெபிக்கத் தேவையில்லை.

"அவரு வேணாங்கல லோகேஸ்வரி. நான் கேக்கவே இல்ல."

அவளுக்குப் புரியவில்லை. பாலனுக்குப் புரிந்தது, அவர் தரையைப் பார்த்தார்.

"கேட்டிருந்தா கூட்டிட்டுப் போன்னுதான் சொல்லியிருப்பாரு. அது தெரிஞ்சுதான் கேக்கல. எனக்கு கார்ல தனியா போவணும், அவ்வளவுதான்."

அடுத்த கட்டிலில் ஒரு சீன மூதாட்டி போனில் பேசிக்கொண்டிருந்தாள். லோகேஸ்வரி போர்வையை இழுத்துக் கால் கட்டை மூடிக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். கால் சரியாகி வீட்டுக்கு வந்ததும் நானே அழைத்துப் போகிறேன், மூன்று நாளும், எத்தனை வருடமானாலும் என்றேன்.

பாலன் நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லாமல், ரமணி வீட்டுக்காரர் அழைத்துப் போவதாகப் பேசி முடித்துவிட்டோம், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றார். வாசல்வரை வந்து ஒரு விருந்தாளியை வழியனுப்புவது போலத்தான் அதைச் சொன்னார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டேன்.

"பாவம்க்கா," என்றாள் லோகேஸ்வரி.

யார் என்று கேட்டேன்.

"உங்க சாமிதான். மூணு நாளா இங்க படுத்துக்கிட்டு அவரத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன்."