கிடா என்ன தின்னுச்சு

“மாட்டுக்குப் பின்னால நின்னு கைய விடுறதுக்கா உன்னய இங்கிலீஷ் மீடியத்துல படிக்க வச்சேன்?”

“யம்மா, கத்தாத. ரோட்டுல போறவுக எல்லாம் நின்னு கேக்குறாக.”

“கேக்கட்டும்! நல்லாக் கேக்கட்டும்!”

தெரு நன்றாகவே கேட்டது. குழாயடியில் குடம் நிறைந்து வழிவதைக்கூடக் கவனிக்காமல் கேட்டது. இருதயம்மாள் வீட்டுச் சண்டை என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் பாதியில் எழுந்து போக மாட்டார்கள்.

விஷயம் இதுதான். பள்ளிக்கூடத்தில் இவாஞ்சலின் டீச்சர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். பிளஸ் ஒன் முடித்த பிள்ளைகள், எந்த வேலைக்குப் படிக்க ஆசையோ அந்த வேலை நடக்கிற இடத்துக்கே மே மாத லீவில் இரண்டு வாரம் போய் இருந்து பார்க்க வேண்டும். அஜய்குமார் என்றொரு பையன் கம்பத்தில் ஒரு வக்கீலிடம் போய், அதற்கு ஜெராக்ஸ் கடை வைப்பதே மேல் என்று மூன்றாம் நாளே திரும்பிவிட்டான். இருதயம்மாளின் மகள் பெனிட்டா தேர்ந்தெடுத்தது உத்தமபாளையம் மாட்டாஸ்பத்திரி.

ஆனால் இருதயம்மாள் எல்லாவற்றையும் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டாள். மகள் நர்சுக்குப் படிப்பாள். மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், தூரத்துச் சொந்தமான ஒரு சிஸ்டர் மூலமாகக் கல்லூரியில் சொல்லியும் வைத்தாயிற்று. சீட்டுக் கிடைத்தால் ஒரு கிடா என்று அந்தோணியாருக்கு நேர்ந்தும் விட்டாள். கிடா கொல்லையில் நின்றது. வீட்டுக்காரர் அமிர்தராஜைவிட அதற்குத்தான் கவனிப்பு அதிகம்.

அமிர்தராஜ் திராட்சைத் தோட்டக்காரர். சாப்பிடவும் பூசையில் பதில் சொல்லவும் தவிர வாயைத் திறக்காதவர். அன்றைக்குத் திறந்தார்.

“ரெண்டு வாரந்தான. போயிட்டு வரட்டும். நாத்தம் தாங்காம அதுவே ஓடியாந்துரும்.”

“தாங்கிட்டா?” என்றாள் பெனிட்டா.

“தாங்கிட்டா, உங்கம்மா யோசிப்பா.”

“நான் என்னத்துக்கு யோசிக்கணும்?” என்றாள் இருதயம்மாள். அந்த வீட்டில் யோசிக்கிற உரிமை அவள் ஒருத்திக்குத்தான் என்பதால், பேச்சு அத்தோடு நின்றது.

பெனிட்டா ஓடி வரவில்லை. தினமும் சாயங்காலம் சாணி வாடையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். சாப்பிடும்போது தானாகச் சிரித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்புதான் தாயைத் தூங்கவிடவில்லை. அங்கன யார் யார் இருக்கிறார்கள்? பிள்ளையைச் சாணி அள்ள விடுகிறார்களா? ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட வேண்டியதுதான். ஆனால் மாட்டாஸ்பத்திரிக்குப் பார்வையாளர் நேரமெல்லாம் கிடையாதே. ஒரு நோயாளி வேண்டும்.

கொல்லையில் கிடா நின்றது. நோயாளி என்று சொன்னால் குழந்தைகூட நம்பாது. எதை நீட்டினாலும் தின்னும். இருதயம்மாள் யோசித்தாள். அடுத்த வீட்டுப் பிள்ளை கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்து முந்தின நாள்தான். பந்திச் சோறு மிச்சம் கிடந்தது. காலையிலேயே அதை வயிறு முட்டப் போட்டுவிட்டால், ஆஸ்பத்திரியில் இலையைக் காட்டும்போது கிடா முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இப்படி ஒரு திட்டம் இந்தப் பள்ளத்தாக்கில் வேறு யாருக்கும் தோன்றியிருக்காது.

ஷேர் ஆட்டோவில் கிடா காலடியில் சாதுவாக வந்தது. கொஞ்சம் அதிகச் சாதுவாகவே வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் பெனிட்டா நின்றிருந்தாள். யாருடைய கோட்டோ, முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அம்மாவைக் கண்டதும் ஒரு நொடி திகைத்தாள். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டாள்.

“வாங்க. ஆட்டுக்கு என்ன செய்யுது?”

“என்னடி, பெத்தவள வாங்க போங்கங்கிற?”

“யார் வந்தாலும் ஒரே மாதிரிதான் கேக்கணும்னு டாக்டர் சொல்லிருக்காக. ஆட்டுக்கு என்ன செய்யுது?”

“மூணு நாளாத் தீனி எடுக்கல” என்றாள் இருதயம்மாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

முந்தின நாள் சாயங்காலம் அந்தக் கிடாவுக்குத் தன் கையாலேயே அகத்திக்கீரை கொடுத்தவள் பெனிட்டா. கீரையோடு துப்பட்டா முனையையும் சேர்த்து அது மென்றிருந்தது. அவள் அதைக் காட்டிக்கொள்ளாமல் குனிந்து கிடாவின் இடது வயிற்றில் கையை வைத்தாள். இப்போது அவள் முகம் நிஜமாகவே மாறியது. வயிறு மத்தளம்போல் விம்மியிருந்தது. கிடா பல்லைக் கடித்தது, பின்னங்கால் தள்ளாடியது.

“டாக்டர்!” என்று உள்ளே ஓடினாள்.

டாக்டர் ரஃபியா கம்பத்துக்காரர். தலையில் போட்ட துப்பட்டாவைக் கோட்டுக்குள் செருகியிருப்பார். வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

“என்னம்மா தின்னுச்சு? பாலித்தீன் பை எதுவும் முழுங்கிருச்சா? பையின்னா வயித்தத் திறக்கணும்.”

இருதயம்மாள் திரும்பிப் பார்த்தாள். சுற்றிலும் மாடும் ஆடுமாக ஜனம். உண்மையைச் சொன்னால், எதற்காகச் சோற்றைப் போட்டாய் என்பார்கள், வேவு பார்க்க வந்த கதை முழுக்க அவிழும், மகளுக்குத்தான் தலைக்குனிவு. சொல்லாவிட்டால் கத்தி. அதுவும் அந்தோணியார் கிடா.

“சும்மா சொல்லுங்கம்மா. ஆடா வாயத் தெறந்து சொல்லப்போகுது?” என்றார் டாக்டர்.

பெனிட்டா தரையில் மண்டியிட்டுக் கிடாவின் கழுத்தை அணைத்துப் பிடித்திருந்தாள். அங்கிருந்தபடியே அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். இருதயம்மாள் எதிர்பார்த்த கோபம் அந்தப் பார்வையில் இல்லை.

“பயப்படாமச் சொல்லுங்க” என்றாள் மெதுவாக. “தெரியாம எல்லாரும் செய்யுறதுதான். டாக்டர் வைய மாட்டாக.”

சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்த பெனிட்டாவிடம் மருந்தை நீட்டி, கசக்காது என்று தான் பொய் சொன்ன அதே தொனி அது என்று இருதயம்மாளுக்குப் பட்டது.

“சோறு” என்றாள். “புதுநன்மை வீட்டுச் சோறு. நாந்தான் போட்டேன்.”

“எவ்வளவு?”

“ஒரு அன்னக்கூடை.”

“நெறையவா?”

“தல தட்டி.”

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். ரஃபியா சிரிக்கவில்லை, ஆப்பசோடா கரைக்கச் சொல்லிவிட்டு வாயில் குழாயை இறக்கினார். பெனிட்டா கிடாவின் வயிற்றை நீவிக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. இருதயம்மாள் ஜெபமாலையை எடுக்க மடியைத் தடவினாள். வேவு பார்க்க வந்த அவசரத்தில் அதையும் மறந்திருந்தாள்.

அப்புறம் கிடா ஏப்பம் விட்டது. புளித்த சோற்று வாடை அறையையே அடித்துத் துரத்தியது. நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். முகத்துக்கு நேராக அதை வாங்கிய பெனிட்டா மட்டும், “வந்துருச்சு டாக்டர்! வந்துருச்சு!” என்று கத்தினாள். பத்தாம் வகுப்பு மார்க் வந்த அன்றைக்குக்கூட இருதயம்மாள் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. மகள் மூக்கைப் பொத்துவாள் என்றுதானே இத்தனை நாள் காத்திருந்தாள்?

கை கழுவிக்கொண்டே ரஃபியா சொன்னார்: “நல்ல வேளை சொன்னீக. இந்தப் புள்ளையப் பாத்தீகளா, என்னா நிதானம்! ஆனா நர்சுக்குத்தான் விடுவாகளாம். அவுக அம்மா ரொம்பக் கறாராம்ல?”

“ஆமா டாக்டரம்மா” என்றாள் இருதயம்மாள். “நானும் கேள்விப்பட்டிருக்கேன்.”

பெனிட்டா சட்டென்று கிடாவின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் தாயும் மகளும் கிடாவுமாக ஒரே ஆட்டோவில் திரும்பினார்கள். எதற்காக வந்தாய் என்று மகள் கேட்கவில்லை. நாளைக்கு வரைக்கும் வைக்கோல் மட்டும் போடு என்றாள். கொஞ்ச தூரம் போனபின் தாய்தான் ஆரம்பித்தாள்.

“ஏண்டி, உனக்கு நாத்தமே அடிக்கலையா?”

“அடிக்குதும்மா. மொத நாளு வாந்தியே எடுத்தேன். உங்கிட்டச் சொல்லல.”

“பெறகு?”

“பெறகு ஒரு கன்னுக்குட்டி எந்திரிச்சு நின்னுச்சு.”

இருதயம்மாள் மகளின் கோட்டில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையை நகத்தால் சுரண்டிவிட்டாள்.

இறங்கியதும் நேரே தெருமுனையில் அந்தோணியார் சுரூபம் இருக்கிற கெபிக்குப் போனாள். மனதுக்குள் ஜெபிக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது, எங்கள் அதிர்ஷ்டம்.

“அந்தோணியாரே, நேந்ததுல ஒரு சின்ன மாத்தம். சீட்டு சீட்டுதான். நர்சுங்கிறத மட்டும் மாட்டு டாக்டருன்னு வச்சுக்கிருங்க. கிடாவுல ஒரு கொறையும் வைக்க மாட்டேன்.”

மறு வருஷம் பெனிட்டா நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனாள், கிடா அந்தோணியாருக்குப் போனது. கேரளாவில் சொல்லிவைத்த இடத்தை விட மனசில்லாமல் இருதயம்மாள் தன் தங்கை மகன் எட்வினைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். அவன் இப்போது அயர்லாந்தில் நர்ஸ். கூட வேலை பார்த்த கோட்டயத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, அம்மாவிடம் போனில் பாதி மலையாளம் பேசுகிறான். டாக்டர் ரஃபியா தேனிக்குக் குடிபோய்விட்டார். கெங்குவார்பட்டி வாத்தியார் பிரான்சிஸ் பெனிட்டாவைப் பெண் பார்க்க வந்த அன்று, அவள் யார் வீட்டு எருமைக்கோ பிரசவம் பார்த்துவிட்டு ரொம்பத் தாமதமாக, கை ஈரத்தோடு வந்தாள். ஈன்றது கிடேரியா கிடாக்கன்றா என்று அவன் கேட்டான். அதற்காகவே ஒத்துக்கொண்டாள் என்கிறார்கள். அவளுக்கு ஓசூர்ப் பக்கம் வேலை கிடைத்ததும் அவனும் மாறுதல் வாங்கிக்கொண்டு பின்னாலேயே போய்விட்டான். அதில் அவனுடைய அம்மாவுக்கு இன்னும் வருத்தம்தான்.