கராஜுக்குக் குறித்த மூலை

நானுஓயாவில் துணிக்கடை வைத்திருந்த நஜீம், தேயிலைத் தோட்டமொன்று விற்ற ஓரத்துண்டு நிலத்தை வாங்கி 1957இல் வீடு கட்டினார். முன்புறம் பூந்தோட்டம் போட ஆள் தேடியபோது எல்லோரும் வீரய்யாவின் பெயரைத்தான் சொன்னார்கள். அதே தோட்டத்துத் துரை பங்களாவில் பதினெட்டு வருஷம் பூஞ்செடிகளைப் பார்த்தவர். நஜீம் சொல்லி அனுப்புவதற்குள் அவரே வந்து நின்றார்.

"இந்த வேலைய நானே செய்றேங்க மொதலாளி. வேற யாரும் வேணாங்க."

முளையடித்துக் கயிறு கட்டினார். சரிவை இரண்டு தட்டாக வெட்டினார். ரோஜாவுக்குப் பாத்தி, காற்றுக்கு மறைப்பாகச் சைப்ரஸ். மூன்று வாரத்தில் இடமே மாறிவிட்டது. தேயிலைச் செடிகளை ஒட்டிய கிழக்கு மூலையை மட்டும் அவர் தொடவில்லை.

நஜீம் பழைய கார் ஒன்று வாங்கினார். "அந்த மூலையில கராஜ் வரணும். நாளைக்கு மட்டம் பண்ணிருங்க வீரய்யா."

"வேற பக்கம் வச்சுக்கலாங்களா?"

"ரோட்டுக்கு அதுதானே கிட்ட. ஏன்?"

"ஒண்ணுமில்லீங்க."

சாயங்காலம் தேத்தண்ணி கொண்டுபோன நஜீமின் மனைவி ரஸீனா, வீரய்யாவின் முகத்தைப் பார்த்துவிட்டு விடாமல் கேட்டாள்.

"எம் புள்ளையப் பொதச்ச எடம்மா அது. மூணு வயசு, காய்ச்சல்ல போயிட்டா. அன்னிக்கு ஆத்துல வெள்ளம், மயானத்துக்குப் போக முடியல. கங்காணிகிட்ட கேட்டு இங்க வச்சோம். இப்ப நெலம் ஒங்களுது. நான் என்னத்தச் சொல்றது?"

இராச் சாப்பாட்டின்போது ரஸீனா சொன்னதைக் கேட்டு நஜீம் பாதியிலேயே எழுந்து கையைக் கழுவினார்.

"கபுறு இருக்கிற இடமா? மொதல்லயே சொல்லியிருக்கலாமே அந்த மனுஷன். கராஜ் வேணாம். காலையில நானே சொல்றேன்."

காலையில் இருவரும் இறங்கிப் போனபோது மூலையில் இடுப்பளவு குழி இருந்தது. வீரய்யா அதன் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி பேச்சியம்மா, மடித்த வெள்ளைத் துணியோடு.

"வேற ஆளு மண்வெட்டி படக்கூடாதுன்னு வெள்ளனயே வந்தேங்க. வேற எடத்துல வைக்கலாம்னு பாத்தேன். பத்து வருஷமாச்சு. ஒண்ணுமே இல்ல. மண்ணுதான்."

கராஜ் வேண்டாம் என்று சொல்ல வந்த நஜீம் குழியை எட்டிப் பார்த்தார்.

"எடந்தப்பித் தோண்டிட்டாரும்மா," என்றாள் பேச்சியம்மா ரஸீனாவிடம். "இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம்."

இடம் தப்பவில்லை என்பது வீரய்யாவுக்குத் தெரியும். ஆனாலும் எழுந்து அந்தப் பக்கம் வெட்டினார். நஜீம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இன்னொரு மண்வெட்டியை எடுத்தார். உச்சிப்பொழுது வரை வெட்டினார்கள். கடைசியில் பேச்சியம்மாவே, "போதுங்க" என்றாள். இரண்டு கை மண்ணைத் துணியில் அள்ளி முடிந்துகொண்டு யாரையும் பார்க்காமல் தோட்டத்து லயத்து வீடுகள் பக்கம் நடந்தாள்.

வீரய்யா குழியை மூடினார். மிச்ச வேலையையும் குறை வைக்காமல் முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வருஷம் ரோஜா பூத்தபோது நுவரெலியாவிலிருந்து கூட ஆட்கள் வந்து பார்த்தார்கள். நஜீம் காரை ரோட்டிலேயே நிறுத்தினார். பராமரிக்க வரும்படி எத்தனை தடவை கூப்பிட்டும் வீரய்யா வரவில்லை.

அந்த மூலையில் என்ன நடலாம் என்று ரஸீனா ஒருநாள் லயத்துக்கே போய்க் கேட்டாள்.

"எது வேணும்னாலும் நடுங்கம்மா," என்றார் வீரய்யா. "அங்கதான் ஒண்ணும் இல்லையே."

உள்ளே பேச்சியம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.