அலமாரிக்குள் கதை அம்மா

அம்மா துணி அலமாரிக்குள் மைக்கோடு உட்கார்ந்து, தன் இணையப் பக்கத்துக்காக முயல்குட்டி கதை படித்துக்கொண்டிருந்தாள். தொங்கும் துணிகள் எதிரொலியை உறிஞ்சிவிடுமாம். வெளியே நான் நின்றிருந்தேன். மணி பன்னிரண்டரை. கதவைத் தட்டினால் பதிவு கெடும். தட்டாவிட்டால் காலையில் அவள் பிழைப்பே கெடும்.

பதினாறு வருடம் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுத்தவள் அம்மா. பெரும்பாலும் இரவு ஷிப்ட். அங்கே அவளுக்குப் பெயர்கூடக் கிடையாது, ஆறாம் நம்பர் என்ற இருக்கை எண்தான். போன மாதம் வேலையை விட்டாள். குழந்தைகளுக்கு ஒலிக்கதை படிக்கப் போகிறாளாம். அதற்காகப் புது போட்டோ, புதுப் பக்கம், 'கதை அம்மா' என்று புதுப் பெயர். எல்லாம் செய்து கொடுத்தது நான்தான்.

"'ஆயிரம் பிள்ளைகளைத் தூங்க வைக்கும் குரல்'னு போடு" என்றாள்.

"பெத்த பிள்ளையைத் தூங்க வெச்சது டிவிம்மா. அதையும் போடவா?"

"வாய் மட்டும் கிழியுது. போடுடி."

சிரித்துக்கொண்டேதான் போட்டேன். ஆனால் வயிறு எரிந்தது. எனக்கு ஆறு வயதாக இருந்தபோது அவள் பகலெல்லாம் தூங்குவாள். நான் சத்தம் வராமல் நுனிக்காலில் நடப்பேன். இப்போது பார்த்தே இராத பிள்ளைகளிடம் 'செல்லமே, கண்ணை மூடிக்கோ' என்று குழைகிறாள். அந்தச் 'செல்லமே'வுக்கு முன்னால் கேட்கும் மூச்சுச் சத்தத்தை வெட்டிச் சீராக்குவது என் வேலை.

ஒலிக்கதை நிறுவனம் மாதிரிப் பதிவு ஒன்று கேட்டிருந்தது. முதல் பதிவில் அம்மா சொதப்பினாள். வழி தெரியாமல் அழும் குட்டியிடம் தாய்முயல், 'பயப்படாதே, இதோ வந்துட்டேன்' என்று சொல்ல வேண்டும். அம்மா பழக்க தோஷத்தில், "பதறாதீங்க. எங்க இருக்கீங்க? பக்கத்துல என்ன அடையாளம் இருக்கு?" என்று கேட்டுவிட்டாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மறுபடி பதிவு செய்தோம்.

இன்று மாலை நான் அனுப்பியது அந்த முதல் பதிவை. கை தவறி அல்ல.

ராத்திரி பதில் வந்தது: காலை எட்டு மணிக்குக் கேட்டுவிட்டு முடிவு சொல்வார்களாம். ஆறாம் நம்பர் இருக்கையில் ஏற்கெனவே வேறொருத்தி உட்கார்ந்தாயிற்று.

தட்டினேன்.

"பதிவு ஓடுதுடி."

"அம்மா, நான் ஒரு தப்பு..." அதற்குள் அழுதுவிட்டேன்.

உள்ளேயிருந்து எனக்குப் பழக்கமில்லாத ஒரு குரல், தாழ்ந்து, நிதானமாக வந்தது.

"பதறாத. மூச்சை இழுத்து விடு. யாருக்காவது அடி பட்டிருக்கா?"

"இல்ல."

"சரி. என்ன நடந்துச்சு? மொதல்லேர்ந்து சொல்லு."

சொன்னேன். பொறாமை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். கதவு திறந்தது. அம்மாவின் முகம் வெளிறியிருந்தது, குரல் மட்டும் மாறவில்லை.

"நல்ல பதிவு இருக்கா, அழிச்சிட்டியா?"

"இருக்கு."

"இப்பவே அனுப்பு. தப்பான ஃபைல் போயிடுச்சு, அனுப்பினது நான்னு உன் பேரைப் போட்டு எழுது. திட்டுறதைக் காலைல வெச்சுக்கறேன்."

அனுப்பினேன். அவர்கள் எதை முதலில் கேட்பார்களோ, தெரியாது.

"உள்ள வா. கதவைச் சாத்து."

துணிகளுக்கு நடுவே முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம். அம்மா மைக்கை அணைத்தாள். முயல்குட்டி கதையை முதலிலிருந்து தொடங்கினாள். என் கண் சொருகியபோது தொடையில் கிள்ளினாள்.

"தூங்கிடாத. எட்டு மணி வரைக்கும் நீயும் முழிச்சிருக்கணும்."