பாதி கரடி, பாதி சிறுத்தை

இளமாறனுக்கு மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையின் எடைமேடையில் வேலை. கரும்பு டிராக்டர்களின் இரைச்சலிலும் வரிசை முந்துகிறவர்களின் சண்டையிலும் அவன் பகல் கழியும். ஆலையில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள் குறைவு. வீட்டுக்கு வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால்தான் அவன் ஓர் ஆள்.

பலர் இணையத்தில் சேர்ந்து ஆடும் அந்த விளையாட்டில் அவன் ஓர் உருமாறி. உருமாறி கரடியானால் அடி தாங்கலாம், சிறுத்தையானால் பாய்ந்து தாக்கலாம், மரமானால் கூட்டாளிகளின் காயத்தை ஆற்றலாம். ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் ஒரு புள்ளி கிடைக்கும், மொத்தமே முப்பதுதான். அதை எந்த உருவத்தில் போடுவது என்பது ஆடுகிறவர் பாடு. ஒன்றிலேயே முப்பது புள்ளி சேர்ந்தால்தான் அந்த உருவத்தின் பெரிய வித்தைகள் திறக்கும். போட்ட புள்ளியைத் திரும்ப எடுக்க முடியாது. எடுக்க மறதிக்கல் என்று ஒன்று வேண்டும், அது ஆடுகிறவர்களில் நூற்றில் ஒருவருக்குக் கிடைத்தால் அதிசயம். இளமாறனிடம் ஒன்று இருந்தது.

'கோமுகி' என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த அவர்கள் குழுவில் அவன்தான் சிறுத்தை. உருமாறியைப் பற்றி எந்தச் சந்தேகம் என்றாலும் எல்லோரும் அவனைத்தான் கேட்பார்கள்.

ஐப்பசியில் ஆண்டாள் வந்து சேர்ந்தாள். கரியாலூர்ப் பெண். வீட்டில் மரவள்ளி விவசாயம், அவள் இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிறாள். அவளும் உருமாறிதான். மலையில் நெட் விட்டுவிட்டுத்தான் வரும், ஆனாலும் ஒரு மாதத்தில் மளமளவென்று லெவல் ஏறினாள். குழுவின் தலைவி மலர்விழி, கள்ளக்குறிச்சியில் மருந்துக்கடை வைத்திருப்பவள், ஒரு நாள் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "இளமாறன விட ஆண்டாள் கை வேகமா கீது." விளையாட்டாகத்தான் சொன்னாள். பொங்கலுக்குப் போட்டி இருந்தது. அதில் ஒரு குழுவுக்கு ஒரு சிறுத்தைக்குத்தான் இடம்.

மறுநாள் ஆண்டாள் அவனுக்குத் தனியாகச் செய்தி அனுப்பினாள். முப்பது புள்ளியையும் போடாமல் வைத்துக்கொண்டு இருப்பதாகவும், தப்பாகப் போட்டுவிடப் பயமாக இருப்பதாகவும், அண்ணன் சொல்கிறபடி போடுவதாகவும் எழுதியிருந்தாள்.

முழுதும் சிறுத்தையில் போடு என்றுதான் அவன் முதலில் தட்டினான். அனுப்பவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து அதை அழித்தான். 'பாதி கரடி, பாதி சிறுத்தை. ரெண்டும் இருந்தாத்தான் தாங்கும்' என்று எழுதினான்.

உடனே பதில் வந்தது. 'ரொம்ப நன்றிங்க அண்ணா.'

அதற்குப் பிறகு ஆண்டாள் எதற்கும் ஆகாமல் போனாள். கரடியாக நின்றால் இரண்டு அடியில் சாய்ந்தாள். சிறுத்தையாகப் பாய்ந்தால் எதிரிக்குக் கீறல்கூட விழவில்லை. அஜித் என்று ஒருவன் அவளைப் பூனை என்று கூப்பிட ஆரம்பித்தான். ஒவ்வொரு தடவையும் அவள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள். புள்ளி போட்டதில் ஏதும் கோளாறா என்று ஒருமுறை இளமாறனைக் கேட்டாள். பழகினால் சரியாகிவிடும் என்றான்.

மார்கழிக் கடைசியில் மலர்விழி அவளைப் போட்டிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தனக்குக் கை வரவில்லை, நீங்கள் சொல்வது சரிதான் என்று ஆண்டாளும் சொன்னாள். போட்டியில் கோமுகி இரண்டாவதாக வந்தது. எல்லோரும் இளமாறனைப் புகழ்ந்தார்கள். அன்று அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழுவில் ஆறு பேர் வேன் வைத்துக்கொண்டு கரியாலூர் அருவிக்குப் போனார்கள். ஆண்டாள் தங்கை கலையரசியோடு பஸ் ஸ்டாப்பில் காத்திருந்தாள். தூக்குச்சட்டியில் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் மிளகாய்த் துவையலும் கொண்டுவந்திருந்தாள். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, இளமாறனைத் தங்கைக்குக் காட்டினாள்.

"இவருதான் எனக்கு எதுல பாயின்ட் போடறதுன்னு சொன்னவரு."

கலையரசியும் இப்போது ஆடுகிறாளாம், அவளும் உருமாறியாம். அக்கா போட்ட மாதிரியே பாதிப் பாதி போட்டிருப்பதாகச் சொன்னாள். அடி வாங்கிச் சாகும்போதெல்லாம் அக்கா ஒன்றைத்தான் சொல்வாளாம்: அண்ணன் சொன்னதில் தப்பு இருக்காது, தப்பு நம் கையில்தான்.

வாயில் இருந்த கிழங்கை இளமாறன் திரும்பிக்கொண்டு துப்பினான். காரமா என்று ஆண்டாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

மற்றவர்கள் அருவிப் பாதையில் இறங்கினார்கள். அவன் ஆண்டாளை நிறுத்தினான். அவள் முகத்தைப் பார்க்காமல், ரோட்டோரத்துக் கடுக்காய் மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அந்த வழி தப்பு என்று தெரிந்தேதான் சொன்னதாகச் சொன்னான்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. மறுபடியும் சொல்லவைத்தாள்.

"ஏன்?"

"என் எடத்த நீ புடிச்சிடுவேன்னு."

ஆண்டாள் தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்தாள், மூடினாள். "மூணு மாசம் என் கையத்தான் திட்டிக்கினு இருந்தேன். என் தங்கச்சிக்கும் அதையே சொல்லிக் குடுத்தேன்." சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "இத எங்கிட்ட தனியா சொன்னா இன்னா ஆவுது? பூனைன்னு அவங்க எல்லாரும்தான கூப்டாங்க. அவங்ககிட்ட சொல்லுங்க சார்."

சார் என்றது அவனுக்கு முதுகில் அடித்தது போல இருந்தது.

அருவிக்குக் கீழே பாறையில் எல்லோரும் ஈர உடம்போடு உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர்ச் சத்தத்தில் அவன் குரலை உயர்த்திச் சொல்ல வேண்டியிருந்தது. கத்திக் கத்தி அதைச் சொன்னான். பக்கத்தில் குளித்த வெளியூர்க்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அஜித் சிரிக்கப் போய், ஆண்டாளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். மலர்விழி துண்டைப் பிழிந்து தோளில் போட்டாள். "இவ்ளோதானா உன் பெரிய மனுஷத்தனம்," என்றாள். வேனை விட்டு இறங்கும்வரை யாரும் அவனிடம் பேசவில்லை.

அன்றைக்கே மறதிக்கல்லை ஆண்டாளுக்கு அனுப்பினான். அவள் வாங்கிக்கொண்டாள், பதில் எழுதவில்லை. மலர்விழி திரும்பக் கூப்பிட்டும் அவள் கோமுகிக்கு வரவில்லை; சேலத்துக்காரர்கள் குழு ஒன்றில் சேர்ந்துவிட்டாள். இளமாறனை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. ஆனால் அவனிடம் சந்தேகம் கேட்பது நின்றுபோயிற்று. பத்து நாள் அதைத் தாங்கிவிட்டு அவனே விலகினான்.

ஹெட்போனைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறானே என்று மனைவி சந்தியா காரணம் கேட்டாள். ஆலையில் அரவை சீசன், வேலை ஜாஸ்தி என்றான். இரண்டு நாள் கழித்து, அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னான். விளையாட்டு அவளுக்குத் தெரியாது. ஆனாலும் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு இப்ப ஆடுதா?"

"ஆடுது."

"நல்லா ஆடுதா?"

அவன் ஒரு சட்டையை எடுத்து மடிக்கப் பார்த்தான். சரியாக வரவில்லை.

"என்ன விட நல்லா ஆடுது," என்றான்.